எனாமல் குவளையில் வில்லைகள்

என் அம்மா மெங் ருய்ஜென் போன மாதம் இறந்தாள். ஹெங்லிங் சிமெண்ட் ஆலையில் இரண்டாம் மில்லின் சுவிட்ச் மேஜையில் உட்கார்ந்து வேலை பார்த்தவள். ஆலையின் அறிவிப்புப் பலகையில் அவளைப் பற்றி நாலு வரி ஒட்டியிருந்தார்கள். கடும் உழைப்பாளி, எல்லோரிடமும் ஒத்துப்போகிறவர் என்று எழுதியிருந்தது. முதலாவது சரி. இரண்டாவது தவறு. அதைத் திருத்துவதற்காக இதை எழுதுகிறேன்.

மில் என்று நாங்கள் சொல்வது படுக்கைவாட்டில் சுற்றும் ஓர் இரும்பு உருளை. ஒரு பேருந்தைவிட நீளம், இரண்டு ஆள் உயரம். உள்ளே வயிற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு எஃகுக் குண்டுகள் கிடக்கும். பெரியது ஆரஞ்சுப் பழ அளவு, சின்னது நெல்லிக்காய் அளவு. உருளை சுற்றும்போது குண்டுகள் சுவரோடு ஏறி உச்சியிலிருந்து விழும். விழும் இடத்தில் சூளையில் வெந்த கிளிங்கர் கட்டிகள் இருக்கும். அவை நொறுங்கி மாவாகும். அந்த மாவுதான் சிமெண்ட்.

குண்டுகள் தேயும். உள்சுவரில் போல்ட் போட்டு முடுக்கிய தகடுகளும் தேயும். அதனால் அவ்வப்போது மில்லை நிறுத்தி, வாய்மூடியைக் கழற்றி, ஆட்கள் உள்ளே இறங்குவார்கள். அவர்கள் உள்ளே இருக்கும்போது உருளை ஒரு சுற்று சுற்றினால் என்ன ஆகும் என்பதை நான் எழுதத் தேவையில்லை. நான் நான்னிங் நகரில் இந்த மில்களுக்கு மோட்டாரும் பல்சக்கரமும் வடிவமைக்கிற வேலையில் இருக்கிறேன். அந்தக் கணக்கு எனக்குத் தெரியும்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஹெங்லிங்கில், ஆள் உள்ளே இருந்தால் மோட்டாரை ஓடவிடாத மின்பூட்டு எதுவும் கிடையாது. வில்லைதான். கட்டுப்பாட்டு அறைச் சுவரில் ஒரு மரப்பலகை. ஒவ்வொரு ஆணிக்கும் கீழே ஒரு ஃபிட்டரின் பெயர். ஆணியில் அவருடைய பெயர் வெட்டிய பித்தளை வில்லை. மில்லுக்குள் போகிறவர் தன் வில்லையை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போவார். வெளியே வந்ததும் திரும்பக் கொண்டுவந்து மாட்டுவார். ஒரு ஆணி காலியாக இருந்தாலும் மில் ஓடாது.

ஓடாது என்பதும் சரியில்லை. அந்தப் பலகைக்கும் மோட்டாருக்கும் இடையே ஒரு கம்பி கூட இல்லை. சுவிட்ச் மேஜையில் உட்கார்ந்திருப்பவர் ஓட்டமாட்டார், அவ்வளவுதான்.

அந்த நாற்காலிக்கு அம்மா சுலபமாக வந்துவிடவில்லை. பெல்ட்டுக்கு அடியில் சிந்தும் தூளை வாரிப்போடும் வேலையில் சேர்ந்தவள். மாலை வகுப்பில் படித்து, பரீட்சை எழுதி, முதல் தடவை தோற்று, மறுபடி எழுதி வந்தாள். பொம்பளை கை பட்டால் மோட்டார் சூடாகிவிடும் என்று ஆண்கள் சொன்னார்களாம். சூடானால் தெர்மாமீட்டர் காட்டும், அதுவரை வாயை மூடு என்றாளாம். ஆலையில் சுவிட்ச் மேஜைக்கு வந்த முதல் பெண் அவள். தன் வாழ்க்கையில் அவள் ஆசைப்பட்டு வாங்கிய ஒரே பொருள் அந்த நாற்காலி என்று அப்பா சொல்வார்.

வில்லை முறையில் ஒரு தொல்லை இருந்தது. கட்டுப்பாட்டு அறை இரும்புப் படிகளில் ஏறிப்போகும் உயரத்தில். சாப்பாட்டுக் கூடம் முற்றத்தின் மறுகோடியில். மதியம் தாமதமாகப் போனால் பன்றிக்கறி தீர்ந்து புளித்த மூங்கில் குருத்தும் சோறும் மட்டும்தான் கிடைக்கும். அதனால் எல்லோருடைய வில்லையையும் ஒருவர் கொண்டுபோய் மாட்டிவிடுவது என்று ஆரம்பித்தது. கழுத்தில் தொங்கும் வில்லையிலும் தொல்லை. தகட்டை முடுக்கக் குனிந்தால் அது ஆடி ஆடிப் பல்லில் இடிக்கும், போல்ட்டில் மாட்டிக்கொள்ளும். மில்லின் வாயருகே ஃபிட்டர்கள் தேநீர் குடிக்கிற பெரிய எனாமல் குவளை ஒன்று இருந்தது. உள்ளே இறங்கும்போதே வில்லையைக் கழற்றி அதில் போட்டுவிட்டு இறங்க ஆரம்பித்தார்கள். வெளியே வந்து எடுத்துக்கொள்வதாக எண்ணம்.

ஆக, குவளையில் வெளியே வந்தவர் வில்லையும் கிடந்தது, உள்ளே இருப்பவர் வில்லையும் கிடந்தது. யாருக்கும் இது தப்பாகத் தெரியவில்லை. ஒவ்வொருவரும் அடுத்தவருக்கு ஒத்தாசை செய்வதாகத்தான் நினைத்தார்கள்.

அந்தக் கோடையில் இரண்டாம் மில்லைத் திறந்து தகடு மாற்றினார்கள். ஆற்றுப் பாலம் கட்டுகிறவர்களின் லாரிகள் வாசலில் வரிசையில் நின்றன. சிமெண்ட் இல்லை. அன்று மதியம் மில் ஓடும் என்று பிரிவுத் தலைவர் லியாவ் வாக்குக் கொடுத்திருந்தார். கெட்ட மனிதர் இல்லை. லாரிகள் கீழ்க்கரை ஆலைக்குத் திரும்பிப் போனால் இங்கே எல்லோருக்கும் சம்பளம் தள்ளிப்போகும் என்பது அவருடைய கவலை.

வேலை முடிந்தது என்று சொல்லிவிட்டு ஃபிட்டர்கள் சாப்பிடக் கலைந்தார்கள். சின் என்கிற ஃபிட்டர் குவளையோடு படியேறி வந்து, வில்லைகளை ஒவ்வொன்றாக ஆணியில் மாட்டினான். பலகை நிறைந்தது.

"எல்லாம் இருக்கு மெங் அக்கா. ஓட்டுங்க."

யார் கொடுத்தது என்று அம்மா கேட்டாள். குவளையில் கிடந்தது என்றான்.

"உள்ள இறங்குனது குவளையா, ஆளுங்களா?"

சின் சிரித்தான். அம்மா சிரிக்கவில்லை. ஒவ்வொருவரும் வந்து முகம் காட்டினால்தான் ஓட்டுவேன் என்றாள். இதற்குள் லியாவும் மேலே வந்துவிட்டார்.

"பலகை நிறைஞ்சிருக்கு. கண்ணு தெரியலையா?"

"பலகை நிறைஞ்சிருக்கு, தலைவரே. ஆளு வரல."

சாப்பாட்டுக் கூடத்துக்கும் குடியிருப்புக்கும் ஆள் போனது. வாயில் சோறோடு ஃபிட்டர்கள் வந்து, திட்டிக்கொண்டே முகம் காட்டிவிட்டுப் போனார்கள். ஒருவர் மட்டும் வரவில்லை. மோ பெரியவர். ஓய்வு பெறும் வயது. மில் சத்தத்திலேயே வாழ்ந்ததால் காது போனவர். கோடை மதியங்களில், திறந்து கிடக்கும் மில்லின் வயிற்றில் குண்டுகள் மேல் சாக்கை விரித்துக் கொஞ்சம் கண்ணயர்கிற பழக்கமும் அவருக்கு உண்டு. அது எல்லோருக்கும் தெரியும்.

லியாவ் சின்னிடம் டார்ச்சைக் கொடுத்து அனுப்பினார். மில்லுக்குள் இரண்டு அறைகள், ஒவ்வொன்றுக்கும் தனி வாய்மூடி. நடுவே துளைத் தகட்டுச் சுவர். முதல் அறையில் யாரும் இல்லை. இரண்டாம் அறையின் மூடியை ஏற்கெனவே போல்ட் போட்டு இறுக்கிவிட்டிருந்தார்கள். சின் துளைகள் வழியே கூப்பிட்டுப் பார்த்தான். பதில் இல்லை, அதனால் ஆள் இல்லை என்றான்.

மோ பெரியவருக்குத்தான் காது கேட்காதே என்றாள் அம்மா.

மூடியைத் திரும்பக் கழற்றிப் பார்க்கலாம் என்று ஃபிட்டர்களின் மேஸ்திரி நோங் சொன்னார். கழற்றி மாட்டினால் மதியம் முழுக்கப் போய்விடும் என்று லியாவ் மறுத்தார். வாசலில் லாரிகள் ஹாரன் அடித்தன. அவர் மேஜையருகே வந்து, தானே கையை நீட்டினார். அம்மா ஸ்டார்ட்டர் சாவியைக் கழற்றித் தன் சட்டையின் மார்புப் பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டினாள். லியாவ் கையை இழுத்துக்கொண்டார்.

மாற்றுச் சாவி மின்நிலையத்தில் இருந்தது. எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் தருகிறேன் என்று அங்கிருந்தவர் போனில் சொன்னார். லியாவ் பேனாவை எடுத்தார். அதன் மூடியைத் திறந்தார். திரும்ப மூடிச் சட்டையில் சொருகிக்கொண்டார். அதைப் பற்றி அம்மா எப்போது சொன்னாலும் குரலில் கோபம் இருக்காது. அவருக்கும் உள்ளுக்குள் தெரிந்திருந்தது என்பாள்.

மோ பெரியவரைத் தேடி மோட்டார் சைக்கிள் போனது. வெயில் தாழ்ந்த பிறகு பின்னால் உட்கார்த்திக் கூட்டிவந்தார்கள். அரிசிச் சாராயத்தில் முகம் சிவந்திருந்தது. வயல் வரப்பு வழியாகத் தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறார். அங்கே பேரக்குழந்தைக்கு மாதம் நிறைந்த விருந்து. இரண்டு சட்டைப் பையிலும் விருந்தில் கொடுத்த சிவப்புச் சாயம் பூசிய முட்டைகள். என்ன கூட்டம், யாருக்கு என்ன ஆச்சு என்று சத்தமாகக் கேட்டு, ஆளுக்கொரு முட்டை நீட்டினார்.

அம்மா சாவியை எடுத்து மாட்டி மில்லை ஓட்டினாள். லாரிகள் அதற்குள் போய்விட்டிருந்தன.

லியாவ் கத்தவில்லை. நாளையிலிருந்து மூட்டைப் பிரிவுக்குப் போ என்றார். தன் தவறை உணர்ந்து ஒரு தன்விமர்சனக் கடிதம் எழுதிக் கொடுத்தால் திரும்ப வரலாம் என்றும் சொன்னார். எங்கள் ஆலையில் அது வழக்கம். லேட்டாக வந்தாலும் எழுதுவார்கள், லாரியை இடித்தாலும் எழுதுவார்கள். யாரும் அதைப் படிப்பதில்லை.

மூட்டைப் பிரிவில் கொதிக்கும் சிமெண்ட் குழாயிலிருந்து காகிதப் பைக்குள் பாயும். பை கிழிந்தால் முகத்தில் பாயும். வியர்வையும் சிமெண்டும் சேர்ந்து அம்மாவின் புருவத்தில் இறுகிவிடும். வீட்டுக்கு வந்து காடித் தண்ணீரில் தலையை நனைத்து, சீப்பால் உடைத்து எடுப்பாள். நான் அப்போது நடுநிலைப் பள்ளியில் இருந்தேன். தரையில் விழும் சாம்பல் நிறத் துணுக்குகளைப் பெருக்குவது என் வேலை.

அவளுக்கு ஒரு பட்டப்பெயரும் கிடைத்தது. பேய்க்கணக்கு மெங். இல்லாத ஆளை எண்ணுகிறவள் என்று பொருள். ஆலையில் யார் வீட்டில் குழந்தை பிறந்தாலும் அவளுக்கு ஒரு சிவப்பு முட்டை அதிகமாக வரும். எடுத்துக்கொண்டு வந்தவன் முகத்தை நேராக வைத்துக்கொண்டு, "இது உங்களுக்கு அக்கா, இன்னொண்ணு மில்லுக்குள்ள இருக்கிறவருக்கு" என்பான். அம்மா இரண்டையும் வாங்கி உரித்து எனக்கொன்று கொடுத்து, தான் ஒன்று தின்பாள்.

அப்பா சுரங்கத்தில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டியவர். சண்டை பிடிக்காத மனிதர். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"ரெண்டு வரி எழுதிக் குடுத்துடேன், ருய்ஜென். என் பிடிவாதத்தால உற்பத்தி கெட்டுச்சு, இனி கவனமா இருப்பேன். முடிஞ்சுது. நான் எழுதாததா?"

"நீ எழுதுனது லாரிய இடிச்சதுக்கு. இடிச்சியா, இடிச்ச. நான் என்னன்னு எழுத?"

"சும்மா ஒரு பேச்சுக்குத்தானே. யாரு படிக்கப் போறா?"

"நான் படிப்பேன்ல. எழுதிட்டுப் போய் உக்காந்தா, அடுத்த தடவ குவளை வரும்போது ஓட்டணும். எழுதுனதுக்கு அதான் அர்த்தம்."

அப்பா அதற்குப் பிறகு கேட்கவில்லை. இலையுதிர்காலம் முழுக்க அவள் மூட்டை பிடித்தாள். இருமல் வந்தது. மாலை வகுப்புப் பாடப்புத்தகங்களை அட்டைப்பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். விற்கவில்லை. திரும்பப் போவேன் என்று சொல்லவும் இல்லை. ஆனால் சுவிட்ச் மேஜை நாற்காலியில் போட்டு உட்காரும் திண்டைத் துவைத்து, உறை மாற்றி, அதே பெட்டியின் மேல் வைத்திருந்தாள்.

குளிர்காலத்தில் இரண்டாம் மில்லை மறுபடி திறந்தார்கள். இந்த முறை குண்டுகள் முழுவதையும் வெளியே கொட்டி அளவு பிரித்துத் திரும்பப் போட வேண்டும். ஃபிட்டர்கள் இரண்டு அறைகளிலும் நெடுநேரம் இருக்கும் வேலை. மில்லின் வாயைக் கழற்றியாகிவிட்டது. மேஸ்திரி நோங் உள்ளே ஒரு கால் வைத்தவர், காலை வெளியே எடுத்து, மேலே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்டார். பான் என்கிற ஒருவர். நல்ல வேலைக்காரர், ஒரு குறையும் சொல்ல முடியாது. பலகை நிறைந்தால் ஓட்டுவார்.

நோங் ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து சிகரெட் பற்றவைத்தார். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். சின்னும் உட்கார்ந்தான். மோ பெரியவர் என்ன நடக்கிறது என்று புரியாமல், எல்லோரும் உட்காருவதைப் பார்த்துத் தானும் உட்கார்ந்தார்.

லியாவ் வந்தார். என்ன இது என்று கேட்டார்.

"ருய்ஜென் வரட்டும். அப்புறம் இறங்குறோம்" என்றார் நோங்.

"பேய்க்கணக்குன்னு பேரு வச்சதே நீங்கதான்."

"ஆமா, வச்சோம். இனியும் அப்படித்தான் கூப்பிடுவோம். ஆனா உள்ள போறது நாங்க, தலைவரே."

அவள் இன்னும் எழுதிக் கொடுக்கவில்லை என்றார் லியாவ். அப்படியா, நாங்களும் எதுவும் எழுதிக் கொடுக்கப் போவதில்லை என்றார் நோங். இதையெல்லாம் சின்தான் எனக்குச் சொன்னான். சிகரெட் தீர்ந்து இன்னொன்று பற்றவைத்தார்கள். லியாவ் முற்றத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கிளிங்கர் குவிந்து கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அரைக்க மில் இல்லை. கடைசியில் அவரே நடந்து மூட்டைப் பிரிவுக்குப் போனார்.

அம்மா உடனே கிளம்பிவிடவில்லை. கையிலிருந்த பையை நிரப்பி, தைத்து, தள்ளிவிட்டுத்தான் திரும்பினாள். தலையிலிருந்து கால்வரை சாம்பல் நிறம். கண் மட்டும் தெரிந்தது. கடிதம் இல்லாமலா என்று கேட்டாள். கடிதம் இல்லாமல்தான் என்றார் லியாவ். இன்னொன்று உண்டு என்று அம்மா சொன்னாள். வில்லையை அவரவர் கையால்தான் வாங்குவேன். இன்னொருத்தர் கொண்டுவந்தால், அது நீங்களே ஆனாலும், வாங்கமாட்டேன் என்றாள்.

"உன்னோட ஒத்துப்போறது கஷ்டம், மெங்" என்றார் லியாவ்.

"ஆமா."

அவள் முகம் கழுவாமல் மில்லின் வாயருகே வந்தாள். ஃபிட்டர்கள் எழுந்தார்கள். பேயே நேரில் வந்துவிட்டது, இனி கணக்குக்குக் குறைவில்லை என்று ஒருவன் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள்; சிரித்ததும் முகத்தில் சிமெண்ட் விரிசல் விட்டது. குனிந்து எனாமல் குவளையை எடுத்தாள். உள்ளே இருந்த தேநீரைக் கீழே கொட்டினாள். குவளையைக் கையில் எடுத்துக்கொண்டு படியேறிப் போனாள்.

அந்தக் குவளை எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. அதில் பல்துலக்கும் பிரஷ்களை வைத்திருந்தாள்.

அன்று முதல் ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு முறையும் ஃபிட்டர்கள் படியேறி வந்து, அவள் கையில் வில்லையைக் கொடுத்தார்கள். அவள் முகத்தைப் பார்ப்பாள், வில்லையைப் பார்ப்பாள், ஆணியில் மாட்டுவாள். சோறு ஆறும். திட்டுவார்கள். மோ பெரியவர் ஓய்வு பெற்ற அன்றும் படியேறி வந்து வில்லையைக் கொடுத்துவிட்டு, இதையாவது வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டார். அம்மா கொடுத்தாள்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். அத்தனை வருடங்களில் ஒரு தடவை கூட, பலகை நிறைந்திருந்தபோது மில்லுக்குள் ஆள் இருந்ததில்லை. ஒரே ஒரு தடவை கூட இல்லை. அவள் காப்பாற்றிய உயிர் என்று யாரையும் கைகாட்ட முடியாது. என் வேலையில் ஒரு பாதுகாப்புக் கருவி ஒருமுறையும் இயங்காமலே பழையதாகிக் கழற்றப்பட்டால் அது சரியாக வேலை செய்தது என்று எழுதுவோம். மனிதருக்கு அப்படி எழுதும் வழக்கம் இல்லை.

அம்மாவுக்குக் கணையத்தில் புற்று. தெரிந்தபோது மருத்துவத்துக்கு நேரமில்லை. ஆஸ்பத்திரியில் கையில் ஏற்றும் மருந்து பாட்டில் ஒவ்வொன்றையும் மாற்றுமுன் நர்ஸ் நோயாளியின் பெயரைக் கேட்பாள். மணிக்கட்டுப் பட்டையில் எழுதியிருக்கிறது, ஆனாலும் கேட்பாள். அம்மா கண்மூடிக் கிடந்ததால் அப்பா பதில் சொன்னார். அம்மா கண்ணைத் திறந்தாள்.

"நீ எதுக்குச் சொல்ற? அந்தப் பொண்ணு என்னத்தான கேக்குது." பிறகு நர்ஸைப் பார்த்து, "மெங் ருய்ஜென். மாட்டும்மா" என்றாள்.

நர்ஸ் போன பிறகு அம்மா என்னிடம் சொன்னாள். "இவ சரியாப் பண்றா."

எரியூட்டும் கூடம் நகருக்கு வெளியே. ஹெங்லிங்கிலிருந்து ஆலையின் பழைய வேனில் ஃபிட்டர்கள் வந்திருந்தார்கள். நோங்குக்கு இப்போது நடக்கத் தடி வேண்டும். சின் வயிறு பெருத்திருந்தான். கூடத்தில் ஒரு தகரத் தகட்டை என்னிடம் கொடுத்தார்கள். நம்பர் அடித்தது, துளையில் சிவப்புக் கயிறு. கூப்பிடும்போது பின்பக்கம் படியேறிப்போய் ஜன்னலில் கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகுதான் உலைக்கதவைத் திறப்பார்கள்.

கூப்பிட்டார்கள். என்னால் எழ முடியவில்லை. என் தாய்மாமா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நல்ல மனதோடுதான் கையை நீட்டினார்.

"குடும்மா, நீ உக்காரு. நான் போய்க் குடுத்துட்டு வந்துடறேன்."

தகடு என் கையிலிருந்து பாதி போய்விட்டது. எதிர்வரிசையில் நோங் தடியைத் தரையில் ஒருமுறை தட்டினார்.

"விடுங்க. அவ கையாலயே குடுக்கட்டும்."

மாமா அவரைப் பார்த்தார். ஒன்றும் புரியவில்லை. சின் எழுந்து எனக்கு வழிவிட்டு நின்றான்.

நான் எழுந்தேன். படி இரும்புப் படிதான். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் பெயர் கேட்டார். தகட்டைக் கொடுத்து, மெங் ருய்ஜென், நான் அவள் மகள் என்று சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். நம்பரைப் பார்த்தார். தகட்டைப் பின்னால் இருந்த ஆணியில் மாட்டினார். பிறகுதான் சுவிட்சின் பக்கம் திரும்பினார்.